இறுக்காத நட்டு

எங்கள் வீட்டுப் பின் விறாந்தையில் ஒரு மரப்பலகை இருக்கிறது. அதில் பூட்டப்பட்டிருப்பது என் இரு உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சிறிய எஞ்சின்.

கட்டாரில் சாரதியாக வேலை செய்த மாமா ஊருக்குத் திரும்பும்போது, அவர் வேலை செய்த வீட்டுப் பிள்ளை விளையாடி அலுத்துப்போன மாதிரி விமானம் ஒன்றைக் கார்கோவில் போட்டு அனுப்பியிருந்தார். பெட்டியைத் திறந்தபோது இறக்கை முறிந்திருந்தது. எஞ்சினுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

"பறக்க விட ஏலாட்டியும் ஓட வெச்சாவது பார்ப்பம்" என்றார் காக்கா.

காக்கா சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவர். வாப்பா மௌத்தான வருடம் அது. அன்று கராஜ் வேலைக்குப் போனவர் இன்றும் அங்கேதான் இருக்கிறார். நான் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கிறேன். என் டியூஷன் காசு அந்தக் கராஜிலிருந்துதான் வருகிறது.

இந்த எஞ்சின் மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின். மாதிரி விமானங்களுக்கான இந்த வகையை ஜப்பானின் ஓ.எஸ். நிறுவனம் 1976 இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எங்களிடம் இருப்பதன் கொள்ளளவு வெறும் 10 கன சென்ரிமீற்றர். இதில் தீப்பொறி பிளக் கிடையாது. பிளாற்றினக் கம்பிச் சுருள் ஒன்றை முதலில் பற்றரியால் பழுக்க வைக்க வேண்டும். பிறகு மெதனோல் ஆவி பட்டுப் பட்டு அது தானாகவே தணலாக இருக்கும். மசகு எண்ணெயையும் எரிபொருளோடு கலந்தே ஊற்ற வேண்டும்.

மெதனோல் ஒரு வகை அல்கஹோல் என்று நான் சொன்னது மூத்தம்மாவின் காதில் விழுந்துவிட்டது.

"ஊட்டுக்குள்ள சாராயமா கொண்டு வந்திரிக்கீங்க?"

"இது குடிக்கிறதில்ல மூத்தம்மா. குடிச்சாக் கண் போயிரும்" என்றார் காக்கா. மூத்தம்மா அதற்குப் பிறகுதான் உண்மையிலேயே பயந்தார். மெதனோல் எரியும் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அதனால் பக்கத்தில் எப்போதும் ஒரு வாளி தண்ணீர் வைத்துக்கொண்டோம்.

புகைக்குழாயைப் பூட்டும் வேலையைக் காக்கா எனக்குத் தந்தார். எஞ்சின் தலையில் உள்ள மரைக்குள் உருக்குக் குழாயைச் சுழற்றி இறக்கி, வேண்டிய பக்கம் திருப்பி, பூட்டு நட்டை இறுக்க வேண்டும். அதன் மறுமுனையில் சைலன்சர் வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த பிறகு எஞ்சினை ஓட விட்டோம். ஐந்து நிமிடம் அழகாக ஓடியது. பிறகு சத்தம் மெலிந்தது. எண்ணெய் கருகும் மணம் வந்தது. திடீரென்று 'டக் டக்' என்று உள்ளே அடிக்கத் தொடங்கியது. காக்கா ஒரு கையால் என்னைப் பின்னுக்குத் தள்ளி, மற்றக் கையால் எரிபொருள் குழாயை நசுக்கி நிறுத்தினார். அப்படி அடிக்கும்போது விசிறியின் நட்டுக் கழன்று விசிறியே தெறிக்கலாம் என்று பிறகுதான் சொன்னார். எஞ்சின் தலையில் ஒரு துளி தண்ணீர் விட்டேன். 'சுர்' என்று மறைந்தது.

எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. ஒரு கிலோகிராம் பெற்றோல் முழுதாய் எரிய 14.7 கிலோகிராம் வளி வேண்டும். மெதனோலுக்கு 6.4 போதும். அதாவது அதே வளிக்கு இரண்டு மடங்குக்கும் மேலான மெதனோல் உள்ளே போகிறது. ஒரு கிலோகிராம் மெதனோல் ஆவியாவதற்கு ஏறத்தாழ 1100 கிலோயூல் வெப்பத்தை உறிஞ்சும். பெற்றோல் உறிஞ்சுவது அதில் மூன்றிலொன்றுதான். இங்கே எரிபொருளே எஞ்சினைக் குளிர்விக்கிறது. அது குறைந்தால் எஞ்சின் கொதிக்கும். எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் ஊசியைச் சரிசெய்தவர் காக்கா.

"நீங்கதான் ஊசியக் கூட இறுக்கிட்டீங்க. கராஜ் வேலை வேற, இது வேற காக்கா. இதுக்குக் கொஞ்சம் பௌதிகவியல் படிச்சிரிக்கணும்."

காக்கா ஒன்றும் பேசவில்லை. ஊசியை அரைச் சுற்றுத் திறந்துவிட்டு மறுபடி ஓட விட்டார். சற்று நேரத்தில் மீண்டும் அதே மணம், அதே சத்தம்.

எஞ்சின் ஆறும் வரை காத்திருந்தார். பிறகு புகைக்குழாயின் அடியில் விரலை வைத்துத் தடவினார். விரலில் கறுப்பு எண்ணெய் ஒட்டியது. குழாயை ஆட்டினார். ஆடியது.

சைலன்சரிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் எரிபொருள் தாங்கிக்குப் போகிறது. புகையின் அமுக்கம் அதன் வழியே போய் எரிபொருளை எஞ்சினுக்குத் தள்ளுகிறது. குழாயின் அடியில் புகை கசிந்தால் அமுக்கம் விழும். எரிபொருள் குறையும். எஞ்சின் சூடாகும். ஊசியை எவ்வளவு திறந்தாலும், அதிர அதிரக் கசிவு கூடிக்கொண்டே போகும். எரிபொருள் குறைந்ததென்று நான் சொன்னது சரி. ஏன் குறைந்தது என்று நான் கேட்கவேயில்லை.

"இது சூட்டுக்கு லூசாகிற சாமான்தான். ஒருக்கா ஓடி ஆறின பிறகு திரும்பவும் இறுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே ஸ்பெனரைப் போட்டார். பூட்டு நட்டு ஒன்றரைச் சுற்றுச் சுற்றியது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு கொப்பியில் கணக்குப் போட்டேன். அலுமினியத்தின் விரிகைத்திறன் 0.000023. உருக்கினது 0.000012. மரையின் விட்டம் 12 மில்லிமீற்றர். 30 பாகையிலிருந்து 150 பாகை வரை சூடானால், அலுமினியத் துளை உருக்குக் குழாயைவிட 0.016 மில்லிமீற்றர் கூடுதலாக விரிகிறது. சூட்டில் லூசாகும் என்று காக்கா சொன்னது உண்மை. ஆனால் இந்த 0.016 மில்லிமீற்றர் இறுக்கிய நட்டை ஒன்றரைச் சுற்றுக் கழற்றாது. அந்த நட்டு, குழாயின் திசையை நிறுத்துவதற்கு மட்டும்தான் என்று நினைத்து நான் விரலால் மட்டுமே பூட்டியிருந்தேன்.

சுபஹுக்குப் பிறகு, காக்கா தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"காக்கா, அந்த நட்ட நான் ஸ்பெனர் போட்டு இறுக்கல்ல."

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"சொல்லியிருந்தா நீ திரும்ப எஞ்சினத் தொட்டிருக்க மாட்டாய்."

முதல் நாள் சொன்ன வார்த்தைக்கும் மன்னிப்புக் கேட்டேன். "அத விடு" என்றார். அவர் விட்டுவிட்டார். எனக்குத்தான் டியூஷன் காசை வாங்கும் ஒவ்வொரு முறையும் அது நினைவுக்கு வருகிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை எஞ்சின் கால் மணி நேரம் ஓடியது. ஆறியதும் ஸ்பெனரை என் கையில் தந்தார். நட்டுச் சிறிதளவு நகர்ந்து இறுகியது.

"சூட்டுக்கு லூசாகும் எண்டு எனக்குத் தெரியும். ஏன் எண்டு தெரியாது. நீ எழுதிக் காட்டு" என்றார்.

கணக்குப் போட்ட தாளைக் கொப்பியிலிருந்து கிழித்துக் கொடுத்து, ஒவ்வொரு வரியாக விளக்கினேன். நடுவில் இரண்டு கேள்விகள் கேட்டார். ஒன்றுக்கு எனக்கும் விடை தெரியவில்லை, ஆசிரியையிடம் கேட்டு வருவதாகச் சொன்னேன். காக்கா அந்தத் தாளை நான்காக மடித்து ஸ்பெனர் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு கராஜுக்குப் புறப்பட்டார்.