ஒரு நாளேனும் நிற்காத பத்திரிகை

ஒரு மணித்தியாலத்தில் ஆசிரிய தலையங்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவன் நான். அப்படிப்பட்ட எனக்கு, ஓர் ஆய்விதழுக்கு அனுப்பவேண்டிய இருபத்திரண்டு பக்கக் கட்டுரையைச் செப்பனிட ஏழு மாதங்கள் பிடித்தன. ஐம்பத்தேழு வயதில் இந்த வேலை எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். பத்திரிகையாளனுக்குள் ஒரு பேராசிரியர் ஒளிந்திருப்பதாக நினைக்கும் நோய் எங்கள் தலைமுறைக்கு உண்டு. தினகரன் ஆசிரியராக இருந்த கைலாசபதி பின்னர் பேர்மிங்ஹாமில் கலாநிதிப் பட்டம் பெற்று, 1974இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதலாவது தலைவருமானார். அவரைக் காட்டித்தான் நாங்கள் எல்லோரும் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். அவர் கைலாசபதி என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறோம்.

எனது கட்டுரை, 1990க்கும் 1995க்கும் இடையில் யாழ்ப்பாணத்தில் நாளிதழ்கள் எவ்வாறு அச்சிடப்பட்டன என்பதைப் பற்றியது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய்க்கு விலை சொல்ல முடியாது. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு எண்ணெய் விட்டு எரித்த விளக்கிலே படித்தவர்கள் பலர் இன்று பல நாடுகளில் வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் இருக்கிறார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். பத்திரிகைத் தாள் தீர்ந்தபோது பள்ளிக்கூடக் கொப்பிக்குரிய கோடிட்ட தாளிலும் பத்திரிகை அச்சாகியது. 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தது வரை இந்த நிலைமைதான். 1994இன் தொடக்கத்தில் அவ்வாறான ஒரு பத்திரிகையில் நான் ஒப்புநோக்குநராகச் சேர்ந்தேன். ஈய எழுத்துக்களைக் கையால் கோத்த காலம் அது.

இதையெல்லாம் கண்ணால் கண்டவன் எழுதினால் போதாதா என்று நினைத்தேன். போதாது என்பதை விளக்கியவர் நண்பர் ஒருவரின் மகள். பல்கலைக்கழகமொன்றில் விரிவுரையாளராக இருக்கிறார். எனது முதற்பிரதி அவரிடமிருந்து சிவப்பு நிறமாகத் திரும்பி வந்தது. "மகத்தான" என்பதை எட்டு இடங்களில் வெட்டியிருந்தார். "அறிய முடிகிறது" என்று நான் எழுதிய இடங்களில் எல்லாம் ஒரு கேள்விக்குறி இருந்தது. தொலைபேசியில் எடுத்துக் கேட்டேன்.

"மாமா, அறிய முடிகிறது எண்டு எழுதியிருக்கிறியள். ஆர் அறிஞ்சது? எங்கை அறிஞ்சது?"

முப்பது வருடங்களாக "நம்பத்தகுந்த வட்டாரங்கள்" என்ற குடையின் கீழ் நின்றவனுக்கு இந்தக் கேள்வி சுட்டது. செய்தி தந்தவரை மறைப்பது எங்கள் தொழிலின் அறம். அதனாலே சிலர் உயிரோடு இருக்கிறார்கள். ஆய்வாளருடைய அறமோ, தான் எங்கிருந்து எடுத்தேன் என்பதைப் பக்க எண்ணோடு காட்டுவது. இரண்டும் நேர்மைதான். எனினும் ஒன்றிற் பழகிய கை மற்றதற்கு இலகுவில் வளைவதில்லை.

இடையில் எழுத்துருச் சங்கடம் ஒன்று. பழைய நேர்காணல்களை நான் பாமினியில் தட்டச்சுச் செய்து வைத்திருந்தேன். ஆய்விதழ் கேட்டது ஒருங்குறியில். மாற்றியிற் கொடுத்தால் தமிழ் ஒழுங்காக வந்தது. ஆனால் நடுவிலிருந்த ஆங்கிலச் சொற்களெல்லாம் எந்த மொழியிலும் இல்லாத தமிழ் எழுத்துக் கூட்டங்களாகிவிட்டன. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தியதில் இரண்டு வாரம் போயிற்று. உசாத்துணைப் பட்டியலில் வேறொரு கூத்து. குடும்பப் பெயரை முதலில் எழுதவேண்டுமாம். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? முன்னெழுத்து தகப்பனுடையது. கணினி தானாகவே மாற்றியமைத்த பட்டியலைப் பார்த்தபோது, பேனாவைத் தொட்டறியாத தகப்பன்மார் சிலர் நூலாசிரியர்களாகி இருந்தார்கள்.

இவற்றை வேடிக்கையாகச் சொல்லிவிடலாம். அடுத்ததை அப்படிச் சொல்ல முடியவில்லை.

எனது முன்னுரையில், "கடும் இடர்களுக்கு மத்தியிலும் ஒரு நாளேனும் நிற்காமல் வெளிவந்த பத்திரிகை" என்று ஒரு வசனம் இருந்தது. அதன் ஓரத்தில் அந்தப் பிள்ளை "உசாத்துணை?" என்று ஒரு சொல் எழுதியிருந்தார். இது ஊரறிந்த விடயமாயிற்றே என்று நினைத்துக்கொண்டு தேடினேன். ஒரு பட்ட ஆய்வேட்டிலே அதே வசனம் இருந்தது. அந்த ஆய்வேடு ஒரு நினைவு மலரைக் காட்டியது. நினைவு மலரோ 2001இல் வெளிவந்த ஒரு பத்திரிகையின் சிறப்பு அனுபந்தத்தைக் காட்டியது. அனுபந்தத்தில் அந்தக் கட்டுரையை எழுதியவன் நான்.

2001இல் எதை வைத்து எழுதினேன் என்பதும் நினைவுக்கு வந்தது. கட்டிவைத்த கோவைகள் சிலவற்றைக் கொழும்பில் ஒருவரிடம் பார்த்தேன். முகப்பிலுள்ள மலர் எண், இதழ் எண்களைப் புரட்டினேன். ஒன்றன்பின் ஒன்றாக இடையறாமல் ஓடின. மாலைக்குள் கட்டுரை கொடுக்க வேண்டும். "ஒரு நாளேனும் நிற்காமல்" என்று எழுதிவிட்டேன். இதழ் எண்ணைப் பார்த்தவன் பக்கத்திலிருந்த திகதியைப் பார்க்கவில்லை.

இந்த முறை ஆய்விதழுக்காக ஓர் அட்டவணை தயாரிக்க வேண்டியிருந்தது. பழைய முகாமையாளர் ஒருவரின் வீட்டில் கோவைகள் ஓரளவுக்கு முழுமையாக இருந்தன. கறையான் தின்றது போக எஞ்சியவற்றை நிலத்தில் பரப்பி, எண்ணையும் திகதியையும் எதிரெதிரே எழுதினேன். பதினொரு இடங்களில் எண் தொடர்ந்தது, திகதி தாண்டியது. அச்சாகாத நாளுக்கு எண் கிடையாது. அடுத்து எப்போது அச்சாகிறதோ அப்போது அடுத்த எண் விழும். பத்து இடைவெளிகளுக்குக் காரணம் கிடைத்தது. பெரும்பாலும் தாள் இல்லை, சில வேளைகளில் மை இல்லை. கிளாலிக் கடலேரியால் இரவில் வள்ளத்தில் வரவேண்டிய பொருள் வராமற்போன நாட்கள் அவை. 1993இல் ஒரு புதன்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் இடையில் மூன்று நாட்கள் மட்டும் காரணமில்லாமல் நின்றன.

இணுவிலில் இருக்கும் மூத்த அச்சுக்கோப்பாளரிடம் போனேன். எழுபத்தெட்டு வயது. விரல் நுனிகள் இன்னும் தடித்துத்தான் இருக்கின்றன. விடயத்தைச் சொன்னதும் சிறிது நேரம் பேசவில்லை.

"தம்பி, நீர் வந்து சேரேக்கை சுவர்க்கரையிலை ஒரு எழுத்துப் பெட்டி சும்மா கிடந்தது. காணேல்லையோ?"

"கண்டனான் அண்ணை."

"அது ஆற்றை பெட்டி எண்டு ஒருக்காலும் கேக்கேல்லை நீர்."

கேட்கவில்லை. எங்களிடையே எழுத்துப் பெட்டிகளுக்குத் தட்டுப்பாடு இருந்தும் அந்தப் பெட்டியில் எவரும் கை வைக்காததை இரண்டு வருடங்கள் பார்த்தேன். செய்தியாளனாகப் போகிறவன், ஏனென்று கேட்கவில்லை. வேலை முடிந்து விடியப்புறம் சைக்கிளில் வீடு திரும்பிய ஒரு கோப்பாளர் ஷெல் விழுந்து இறந்திருக்கிறார். இருபத்தாறு வயது. "மூண்டு நாள் ஒருத்தரும் எழுத்துத் தொடேல்லை. முதலாளி வந்து கேட்டவர். நாங்கள் மாட்டமெண்டிட்டம்." அச்சகத் தொழிலாளர் தங்கள் தோழனுக்காகப் பத்திரிகையை நிறுத்தியிருக்கிறார்கள். அந்த மூன்று நாட்களை நான் ஒரு வீர வசனத்தால் அழித்திருக்கிறேன். அதை இருவர் மூவர் படியெடுத்து வரலாறாக்கியும் இருக்கிறார்கள்.

திருத்த வேண்டும் அல்லவா? அங்கேதான் ஆய்விதழின் விதி குறுக்கே வந்தது. கட்டுரையை மதிப்பிடுபவர் யாரென்று எனக்குத் தெரியாது, நான் யாரென்று அவருக்குத் தெரியக்கூடாது. ஆகவே பிரதியில் என்னை இனங்காட்டும் எதுவும் இருத்தலாகாது. எனது முந்திய எழுத்தைக் குறிப்பிடுவதென்றால் மூன்றாம் ஆளுடையதைப்போலக் குறிப்பிட வேண்டும். எனவே பதினான்காவது அடிக்குறிப்பு இப்படி அமைந்தது: 2001ஆம் ஆண்டு அனுபந்தக் கட்டுரையின் ஆசிரியர் இதழ் எண்களை மட்டும் கருத்திற் கொண்டமையால் தவறான முடிவுக்கு வந்துள்ளார். பிறருடைய பிழையைச் சுட்டிக்காட்டும் குரலில் எனது பிழையை எழுதியபோது கை கூசியது. "நான்" என்று ஒரு சொல் போட்டால் நெஞ்சு ஆறியிருக்கும். விதி நியாயமானது என்பதை மறுக்கவில்லை. பெயர் பார்த்து மதிப்பிடும் எங்கள் ஊர்ப் பழக்கத்தை அறிந்தவன் அதை எதிர்க்க முடியாது.

நேர்காணல் கொடுத்தவரின் எழுத்துமூலச் சம்மதமும் தேவைப்பட்டது. படிவத்தோடு மறுபடியும் இணுவிலுக்குப் போனேன். பெயரை வெளியிடலாமா, மாற்றுப்பெயர் இடுவதா என்ற கேள்வி வந்ததும் அண்ணை கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ரை பேர் வேண்டாம். அவன்ரை பேரைப் போடும். முழுப்பேராய்ப் போடும்."

இறந்தவரின் சகோதரி ரொறன்ரோவில் இருக்கிறார். அவரோடும் பேசி இணக்கம் பெற்றேன். நான் அச்சகத்தில் பழகியிராத அந்த இளைஞனின் பெயர் கட்டுரையின் ஒன்பதாம் பக்கத்தில், தகப்பன் பெயரோடு, சரியான முறையில் இருக்கிறது. அதை இங்கே எழுதாததற்குக் காரணம், மதிப்பிடுபவர் அப்பெயரைத் தேடினால் நேரே என்னிடம் வந்து நிற்பார் என்பதுதான். பத்திரிகையின் பெயரையும் அதற்காகவே தவிர்த்தேன். கட்டுரை ஏற்கப்பட்டால் எல்லாவற்றையும் எழுதுவேன். நிராகரிக்கப்பட்டாலும் எழுதுவேன்.

கட்டுரையை அனுப்பிய அன்று மாலை, 2001இல் அந்த அனுபந்தத்தை வெளியிட்ட பத்திரிகையின் செய்தி ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்தேன். நான் தொழில் கற்றுக்கொடுத்த பையன். திருத்தம் ஒன்று போடவேண்டும் என்றேன். எந்த நாளையப் பத்திரிகைக்கு என்று கேட்டான். சொன்னேன். மறுமுனையில் சிரிப்பு வந்தது.

"அண்ணை, பகிடி விடாதேங்கோ. இருபது வருசத்துக்கு மேலை போட்டுது. அந்தப் பேப்பரை இப்ப ஆர் வைச்சிருக்கினம்?"

ஆய்வேடு எழுதுகிறவர்கள் வைத்திருக்கிறார்கள் என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, எத்தனை வரி வரும் என்று கேட்டான். நான்கு வரி என்றேன்.