குமாரசாமி ராஜா பிறந்த நாளில் நான் சொல்லாமல் விட்டது

ஜூலை 8, பி. எஸ். குமாரசாமி ராஜாவின் பிறந்த நாள். 1898-இல் ராஜபாளையத்தில் பிறந்தவர். இந்தத் தடவை எங்கள் பகுதிப் பிள்ளைகள் தெருமுனையில் பந்தல் போட்டு, அவர் படத்துக்கு மாலை சாத்தி, பள்ளி மாணவர்களுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். நான் வயதில் மூத்தவன், தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் என்னைப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள்.

பேச வேண்டியதைக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். அதை வாங்கிப் பார்த்த ஒரு தம்பி, "அய்யா, எல்லாம் நல்லாருக்கு. தேர்தல்ல தோத்தது மட்டும் வேண்டாமே. பிறந்த நாளும் அதுவுமா அது எதுக்கு?" என்றார். பணிவாகத்தான் சொன்னார். நானும் சரி என்று அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.

மேடையில் மற்றதைச் சொன்னேன். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர், காந்தி வழியில் காங்கிரசுக்கு வந்தவர். 1949 ஏப்ரலில் ஓமந்தூராருக்குப் பிறகு சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அப்போது அந்தப் பதவிக்குப் பெயரே பிரதமர்தான். 1950 ஜனவரி 26 அன்று அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அது முதலமைச்சர் என்று ஆனது.

வகுப்புவாரி ஜி.ஓ. பற்றியும் சொன்னேன். கல்லூரிகளில் வகுப்புவாரியாக இடம் ஒதுக்கிய அந்த ஆணை செல்லாது என்று 1950-இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவருடைய அரசாங்கம் அதை விட்டுவிடாமல் உச்சநீதிமன்றம் வரை போனது. 1951 ஏப்ரலில் அங்கும் தோல்வி. தமிழ்நாட்டில் கிளர்ச்சி எழுந்தது. அந்த ஜூன் மாதமே அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. பிற்படுத்தப்பட்டோருக்கான இடத்தில் என் மகள் பொறியியல் படித்தாள் என்றால், அதற்கு வழிவிட்டது அந்தத் திருத்தம். இதைச் சொன்னபோது நன்றாகக் கை தட்டினார்கள்.

கூட்டம் கலையும்போது எட்டாவது படிக்கும் பையன் ஒருவன் நோட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். "தாத்தா, இவ்வளவு செஞ்சாரே, அப்புறம் ஏன் அவரே முதலமைச்சரா இருக்கல?"

"வயசாச்சுல்லப்பா" என்று சொல்லிவிட்டேன்.

அது பொய். 1952-இல் அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பையனுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்து படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அப்பாவுக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அவர் காலமான பிறகு இந்தப் பக்கம் வந்து, தமிழ் மொழித் தேர்வு எழுதித் தேறி, வேலையை நிலைநிறுத்திக்கொண்டேன். வருவாய்த் துறை குமாஸ்தாவுக்குத் தேர்தல் வேலை தப்பாது. 1977 சட்டமன்றத் தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு கிராமத்துச் சாவடியில் எனக்கு விரலில் மை வைக்கும் வேலை. மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் ஒரு பாட்டி வந்தார். மை வைக்கும்போது சொன்னார்:

"மொதத் தேர்தலுக்கும் நான் வந்தேன் தம்பி. அப்ப ஆளுக்கொரு பெட்டி வச்சிருந்தாக. ராஜா பெரிய மனுசர்தான், இல்லைங்கல. ஆனா அரிசிக்கு நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். மாட்டுப் பெட்டிய விட்டுட்டு அடுத்த பெட்டியில போட்டுட்டேன்."

மாட்டுப் பெட்டி என்றால் காங்கிரஸ் பெட்டி. முதல் பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி. அதன்மேல் சின்னம் ஒட்டியிருக்கும். காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. வாக்குச் சீட்டில் குறி எதுவும் போட வேண்டாம், பிடித்த பெட்டியில் போட்டால் போதும்.

1952-இன் ரேஷன் அரிசியும் வறட்சியும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லி உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்தக் கோபத்தில் சென்னை சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. பக்தவத்சலம் தோற்றார். ஸ்ரீவில்லிபுத்தூரில் முதலமைச்சர் குமாரசாமி ராஜாவே தோற்றார். வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில், தன்னை நன்றாகத் தெரிந்த ஜனங்களிடம் தோற்றார்.

அதற்கு முன்னால் ஓட்டு என்பது வரி கட்டியவர்களுக்கும் சொத்தும் படிப்பும் உள்ளவர்களுக்கும்தான். அந்தப் பாட்டியைப் போன்ற கூலிக்காரப் பெண்ணுக்கு முதல்முதலாக ஓட்டு கிடைத்தது 1952-இல்தான். அதை வைத்து, ஆளுகிற முதலமைச்சரையே அவர் இறக்கிக் காட்டினார். 1952 ஏப்ரலில் ராஜாஜி பதவியேற்றார், இவர் ஊர் திரும்பினார்.

1969 ஏப்ரலில், நான் பள்ளியில் படிக்கும்போது, ஜெனரல் தெ கோல் மக்கள் வாக்கெடுப்பில் தோற்று மறுநாளே பதவியை விட்டு விலகினார். எங்கள் ஆசிரியர் பாடத்தை நிறுத்தி அதையே ஒரு மணி நேரம் பேசினார். ஜெயித்த சண்டைகளை விட இதைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இந்த ஊருக்கு வந்து குமாரசாமி ராஜாவைப் பற்றித் தெரிந்துகொண்டபோது எனக்கு அந்த வகுப்புதான் ஞாபகம் வந்தது.

அவர் ஊர்மேல் மனக்கசப்பு கொண்டவராகத் தெரியவில்லை. 1954 முதல் 1956 வரை ஒடிசாவில் கவர்னராக இருந்தார். 1957-இல் காலமானார். தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கென்று ஊருக்குக் கொடுத்தார். தன்னைத் தோற்கடித்தவர்களின் பேரப்பிள்ளைகளும் வந்து உட்காரும் இடம் அது. தோல்வியைச் சொல்லாமல் விட்டால் அந்தக் கொடையின் அருமையில் பாதி தெரியாமல் போய்விடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுநாள் சாயங்காலம் அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். தேர்தல், பெட்டி, பாட்டி எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் பாட்டி பண்ணது தப்பா தாத்தா?" என்றான்.

"இல்லப்பா. அந்தப் பாட்டியும் தப்புப் பண்ணல, அவரும் தப்பா எடுத்துக்கல."

அடுத்த ஜூலைக்கு நான் இருந்தால், அடித்த பத்தியையும் சேர்த்தே வாசிப்பேன்.