ஊசியும் ஆழ்வாரும்

பூந்தமல்லி தாண்டினால் திருமழிசை. சிட்கோ தொழிற்பேட்டைக்கு ஷிஃப்டுக்கு ஓடும் இளைஞர்களே, ஒரு சாயங்காலம் ஜகந்நாதப் பெருமாள் கோயிலுக்குள் எட்டிப் பாருங்கள். இந்த ஊரில் அவதரித்த திருமழிசை ஆழ்வாரைப் பற்றி வைணவர்கள் சொல்லும் கதை பிரமாதம்.

ஆழ்வார் கந்தைத் துணி தைத்துக்கொண்டிருக்கிறார். ரிஷபத்தில் பார்வதியோடு வந்த சிவபெருமான், "என்ன வரம் வேண்டும்?" என்கிறார்.

"மோட்சம்."

"அதை நாராயணனிடம்தான் கேட்கணும்."

"ஆயுசு?"

"அது கர்மப்படி."

"சரி, இந்த ஊசி பின்னாடி நூல் வரும்படியாவது அருளுமேன்!"

வந்ததே கோபம்! நெற்றிக்கண் திறந்தது. ஆழ்வாரோ கால் கட்டைவிரலில் கண் திறந்தாராம். கடைசியில் 'பக்திசாரர்' என்று பட்டம் கொடுத்துப் போனார் சிவன். அதே ஊரில் ஒத்தாண்டேஸ்வரர் கோயிலும் இருக்கிறது. சண்டையெல்லாம் இல்லை!

பட்டன் அறுந்தால்கூட, 'கல்யாணம் ஆகட்டும்' என்று காத்திருக்கும் பிரம்மசாரிகளே, ஆழ்வாரே தன் கந்தையைத் தானே தைத்தார். உங்களுக்கென்ன?

பழைய வேட்டி இரண்டு, நடுவே பழைய புடவை ஒன்று. சுருக்கமில்லாமல் விரியுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குப் பெரிய பெரிய தையலாகப் போட்டு நிறுத்துங்கள். ஓரத்தில் ஆரம்பித்தால் நடுவில் துணி மூட்டை கட்டும். அப்புறம் நாலு விரல் இடைவெளியில் வரிசையாக ஓட்டுத் தையல். நூல் ஒரு முழம் போதும், நீண்டால் சிக்கும். ஓரத்தை மடித்துத் தைத்தால், மார்கழிப் பனிக்குப் போர்வை ரெடி.

ஊசி பின்னாடி நூல் தானாக வரும். வரமெல்லாம் வேண்டாம், ஊசியைக் கையில் எடுத்தால் சரி!