பழுது பார்த்தல்

மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டுப் பாத்திரங்களெல்லாம் அடுக்களையை விட்டுக் கூடத்திற்குக் குடிபெயரும். சொட்டுகின்ற இடம் ஒவ்வொன்றின் கீழும் ஒவ்வொரு பாத்திரம். அண்டாவில் விழுந்த துளிக்கு ஒரு சுருதி. செம்பில் விழுந்த துளிக்கு வேறொரு சுருதி. என் தந்தையார் உயிரோடிருந்த நாளில் இக்கச்சேரியை நாங்கள் கேட்டதில்லை. அவர் 2013ஆம் ஆண்டில் காலஞ்சென்றார். 2015ஆம் ஆண்டு ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அது முதன்முதலாக அரங்கேறிற்று.

வீடு அரியலூரை அடுத்த ஒரு சிற்றூரில் என் பாட்டனார் கட்டியது. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் பரப்பி, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களை நெருக்கமாக நிற்கவைத்துச் சுண்ணாம்பாற் பிணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, நாட்கணக்காக மரப்பலகையால் அடித்து இறுக்கி, யாவற்றுக்கும் மேலாகத் தட்டோடு பதித்த பழைய மச்சு. மதராஸ் தளம் என்று கட்டட வேலைக்காரர் கூறுவர். தந்தையார் பள்ளி உபாத்தியாயர். கரணை, ரசமட்டம், தூக்குக்குண்டு, உளி, ரம்பம், ஸ்பானர்கள் ஆகிய இவையெல்லாம் உறங்கும் மரப்பெட்டியொன்று அவரது கட்டிலுக்கடியில் எப்பொழுதும் இருக்கும். கொத்தனாருக்கோ, தச்சருக்கோ, மோட்டார் மெக்கானிக்குக்கோ அவர் ஒரு காசும் கொடுத்தறியார் என்பது என் நம்பிக்கை. யான் விடுதியிற் பயின்றவன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் வேலை முடிந்த சுவரையும், ஒழுங்காக ஓடுகின்ற காரையுமே கண்டவன். ஆதலின் அந்நம்பிக்கைக்கு ஊறொன்றும் நேரவில்லை.

அவருக்குப் பின் வீடும், பெட்டியும், 1984ஆம் வருஷத்து அம்பாஸடர் ஒன்றும் என் பொறுப்பாயின. யானோ பெரம்பலூரில் மாணவர்க்குப் பௌதிகம் போதிப்பவன். நெம்புகோலின் தத்துவத்தைக் கரும்பலகையில் எழுதத் தெரிந்தவனுக்கு ஒரு கடப்பாரையைப் பிடிக்கத் தெரியாதா? தச்சுத் தொழில் புரிந்த நாசரேத்தூராரையும், கூடாரந் தைத்துப் பிழைத்த பவுலையும் பற்றிப் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்க்குக் கைவேலை இழிவுமன்று. நம் நாட்டிலேயே ஜி. டி. நாயுடு என்னும் முன்மாதிரியும் இருந்தார். கோயமுத்தூருக்கு அருகே கலங்கலில் 1893ஆம் ஆண்டிற் பிறந்த அவர், வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் ஒருவர் ஏறிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசைப்பட்டு, உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து, அவ்வண்டியையே விலைக்கு வாங்கி, முற்றும் பிரித்துத் திரும்பப் பூட்டினார். 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே ஒரே பஸ்ஸை ஓட்டத் தொடங்கியவரும் அவரே. இச்சரித்திரத்தை மாணவரிடம் பன்முறை சொல்லியிருக்கின்றேன். பிரித்ததைத் திரும்பப் பூட்டினார் என்னும் பகுதியை மட்டும் யான் போதிய அளவு சிந்தித்ததில்லை.

எங்கள் சீமையில் சிமெண்டுக்குப் பஞ்சமில்லை. அரியலூரைச் சுற்றிலும் சுண்ணாம்புக்கற் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் நிறைந்துள்ளன. அரசாங்க ஆலையே 1979ஆம் ஆண்டு முதல் அங்கு நடைபெறுகின்றது. ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன் இந்நிலம் கடலாக இருந்தது. உழவன் கொழுமுனையில் இன்றும் கிளிஞ்சல்கள் புரளுகின்றன. பெரம்பலூர்ப் பக்கத்துச் சாத்தனூரிலோ ஒரு பெருமரம் அப்படியே கல்லாய்க் கிடக்கின்றது. பிளான்போர்டு என்னும் ஆங்கிலேயப் புவியியல் அறிஞர் இப்பாறைகளை ஆராய்ந்து 1862ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலால் அரியலூரின் பெயர் உலகத்துப் புவியியற் புத்தகங்களில் ஏறிற்று. அக்கடலின் கல்லைத் தனியே சுட்டால் சுண்ணாம்பு. களிமண் சேர்த்து 1450 பாகை வரையில் கடுஞ்சூட்டில் வேகவைத்து அரைத்தால் சிமெண்டு. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தாம். எனினும் ஒரே கூரையின்கீழ் வைத்தால் ஒத்துவாழார் என்பதை யான் அறிந்திலேன்.

2016ஆம் ஆண்டு மாசியில் மூன்று மூட்டை சிமெண்டு வாங்கிக் கூடத்தின்மேல் தளமெங்கும் என் கையாலேயே பூசினேன். இடுப்பு ஒரு வாரம் நிமிரவில்லை. ஆனால் அவ்வாண்டு மழைக்காலத்தில் ஒரு துளியும் ஒழுகவில்லை. அக்கம்பக்கத்தாரிடம் இதைச் சொல்லிக்கொள்ள யான் தவறவுமில்லை. அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடெங்கும் அடியோடு பொய்த்துவிட்டது என்பதும், ஒழுகுவதற்கு வானத்தில் நீரே இல்லை என்பதும் என் பெருமிதத்திற்குத் தடையாகத் தோன்றவில்லை.

அவ்வறட்சியில் மேற்குச் சுவரில் ஒரு வெடிப்புக் கண்டது. விரல் நுழையுமளவு அகலம். 2017ஆம் ஆண்டு சித்திரையில் அதனையும் சிமெண்டால் இறுக அடைத்தேன். பிறகு மழை பெய்தது. மழை பெய்த பத்தாம் நாள் மேற்கு அறையின் கதவு நிலையிற் சிக்கிக்கொண்டு மூட மறுத்தது. அடைத்த வெடிப்புக்கு ஒரு முழம் தள்ளிப் புதிய வெடிப்பொன்று கிளம்பிற்று. கூடத்திலோ பழைய இடங்களை விட்டுப் புதிய இடங்களிற் சொட்டிற்று. கார்த்திகை மாதத்தில் ஒரு நாட் காலை, அம்மா அடுக்களையில் இருந்த வேளையில், அவர்கள் கட்டிலின் தலைமாட்டில் மச்சிலிருந்து செங்கல்லொன்று விழுந்தது. தலையணை சுண்ணாம்பிற் புதைந்திருந்தது. அம்மா அதனை உதறி வெயிலிற் போட்டார்கள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இவ்வளவின் பின்னும் என் புத்தி தெளியவில்லை. வண்டியில் நான் ஓரளவு வென்றிருந்ததே அதற்குக் காரணம். அம்பாஸடர் பழகுவோரிடம் பொறுமை காட்டும் வண்டி. 1958 முதல் 2014 வரை வங்காளத்து உத்தரபாராவில் அது செய்யப்பெற்றது. மூடியைத் திறந்தால் என்ஜினைச் சுற்றிக் கை நுழைய இடமிருக்கும். பிளக்குகளைக் கழற்றித் துடைக்கவும், பாயிண்டின் இடைவெளியைச் சரிசெய்யவும், வாரை மாற்றவும் பழகியிருந்தேன். 2018ஆம் ஆண்டு தையில் பிரேக் எண்ணெய் குறைந்திருப்பதைக் கண்டு, தந்தையாரின் பெட்டியில் இருந்த பெயரில்லாத குப்பி ஒன்றை எடுத்து, அதிலிருந்த தெளிந்த எண்ணெயை நிரப்பினேன். ஒரு வாரம் ஒன்றும் நேரவில்லை.

அடுத்த வாரம் அம்மாவைக் கண் வைத்தியரிடம் காட்டப் பெரம்பலூருக்குப் புறப்பட்டேன். சுமார் முப்பது கிலோமீட்டர் தூரம். பாதி வழியில் வண்டி பாரம் இழுக்கும் மாடுபோல் திணறிற்று. எதுவோ தீயும் நாற்றம். இறங்கிச் சக்கரத்தைத் தொட்டால் கை பொசுங்குகின்றது. புளியமரத்தடியில் ஆறவிட்டு, ஆறியவுடன் சரியாகிவிட்டதென்று நானே தீர்ப்பளித்து மீண்டும் புறப்பட்டேன். ஐந்து கிலோமீட்டர் சென்றிருப்பேன். முன்னே சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி சட்டென நின்றது. பிரேக்கை மிதித்தேன். மிதிகட்டை ஒரு தடையுமின்றித் தரைவரை இறங்கிற்று.

கைப்பிரேக்கை இழுத்ததும், கியரைக் குறைத்ததும், இடப்புறம் ஒடித்ததும் எந்த வரிசையில் நிகழ்ந்தன என்பதை இன்றும் சொல்லவறியேன். மக்காச்சோளத் தட்டைகளை முறித்துக்கொண்டு வண்டி ஒரு வயலுக்குள் நின்றது. லாரி போயே விட்டது. பின்னாற் திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. "அம்மா" என்றேன். "இருக்கிறேன்" என்றார்கள்.

சற்றுப் பொறுத்து, "என்ன எண்ணெய் ஊற்றினாய்?" என்று வினவினார்கள். குப்பியைச் சொன்னேன்.

"அது என் தையல் மிஷினுக்குப் போடுகிற எண்ணெயப்பா. என்னைக் கேட்டிருக்கலாமே."

இவ்விடத்தில் காரணத்தைக் கூறிவிடுகிறேன். வாசகரில் யாரேனும் என்னைப் போன்றவர் இருக்கலாம். பிரேக்கினுள் இருக்கும் ரப்பர்க் கிண்ணங்கள் பிரேக்குக்கென்றே செய்த எண்ணெயைத் தாங்கும்; மண்ணிலிருந்து எடுக்கும் எண்ணெய் பட்டால் ஊறிப் பருத்துவிடும். பருத்த ரப்பர் எண்ணெய் திரும்பும் துவாரத்தை அடைத்துக்கொள்ள, காலை எடுத்த பின்னும் பிரேக்கு விடாமற் பிடித்தே நிற்கும். பிடித்தபடியே ஓடினால் சூடேறும். சூடு மிகுந்தால் உள்ளே எண்ணெய் கொதித்து ஆவியாகும். ஆவியை அழுத்தினால் அது சுருங்குமேயன்றிச் சக்கரத்தைப் பிடிக்காது. இந்தப் பாடத்தை, அதாவது திரவம் அமுங்காது, வாயு அமுங்கும் என்பதை, பல ஆண்டுகளாக மாணவர்க்குக் கற்பித்து மதிப்பெண்ணும் இட்டு வந்தவன் யான்.

வண்டியைக் கட்டி இழுத்துப் பெரம்பலூரில் ஒரு சிறு பட்டறையிற் சேர்த்தோம். அங்கிருந்த முதியவர் வண்டியைக் கண்டவுடனே, "இது வாத்தியார் வண்டியல்லவா?" என்றார். என் தந்தையார் ஆண்டுக்கொரு முறை அங்கே வருவாராம். தாழ்ந்த முக்காலியிற் குந்திக்கொண்டு, மெக்கானிக் கழற்றிக் கொடுக்கும் ரப்பர்களைப் பிரேக் எண்ணெயிலேயே கழுவி வரிசையாக வைப்பாராம். "பெட்ரோலிற் கழுவாதீர்கள் என்று முதல் நாள் ஒருமுறை சொன்னேன். மறுமுறை சொல்லவேண்டியிருந்ததில்லை" என்றார் பெரியவர். மேலிருந்து நான்கு சக்கரம் வரையில் எல்லா ரப்பரையும் மாற்றி, குழாய்களைக் கழுவி எடுக்க அவருக்கு இரண்டு நாள் ஆயின. அந்த இரண்டு நாளும் முக்காலி எனக்காயிற்று.

பஸ்ஸில் வீடு திரும்புகையில் அம்மாவைக் கேட்டேன்: "வீட்டு வேலைக்கும் அப்பா ஆள் வைத்திருந்தாரா?"

"வருஷந்தோறும் பங்குனியில் கொத்தனார் வருவார். உன் அப்பாதான் அவருக்குச் சித்தாள். சுண்ணாம்பு குழைத்துக் கொடுப்பார். நீ விடுதியில் இருந்தாய். உனக்கு எப்படித் தெரியும்?"

மகன் எண்ணிக்கொண்டிருந்ததை அவர் ஒருநாளும் சொன்னதில்லை, மகனாகவே எண்ணிக்கொண்டதுதான்.

கொத்தனார் எழுபதைக் கடந்தவர். பங்குனியில் வந்தார். ஏணியேறித் தளத்தின்மேல் என் சிமெண்டைப் பார்த்து, சுத்தியலின் காம்பால் இங்குமங்கும் தட்டினார். பல இடங்களில் வெற்றொலி எழுந்தது. வெயிலில் சுண்ணாம்புத் தளம் விரிந்து சுருங்கும். மேலே ஒட்டிய விறைத்த சிமெண்டு அதனோடு இசையாமல் மயிரிழையாக வெடிக்கும். அவ்வெடிப்பின் வழி இறங்கிய நீர் பிறகு ஆவியாய் மேலேற வழியின்றித் தேக்குக் கட்டைகளிற் போய்த் தங்கும். இவற்றை அவர் இத்தனை சொற்களாற் கூறவில்லை. கட்டை ஒன்றின் நுனியை உளியாற் குத்திக் காட்டினார். உளி வெண்ணெயிற் போல் இறங்கிற்று. ஒழுக்கின் பிறப்பிடமும் கூடத்துக்கு மேலே இல்லை. எட்டடிக்கு அப்பால், மழைநீர் வெளியேறும் தூம்பின் அருகே, கைப்பிடிச் சுவரில் ஓர் அரசங்கன்று வேர்விட்டிருந்தது. அங்கே நுழைந்த நீர் செங்கல் இணைப்புக்களில் ஓடி, கூடத்தின் நடுவே சொட்டிற்று. சொட்டும் இடத்துக்கு நேர்மேலே பூசிய நான், நோயாளியின் நிழலுக்கு மருந்து தடவியவனானேன்.

சிமெண்டைச் செதுக்கி எடுக்கப் பன்னிரண்டு நாள். இற்ற கட்டைகள் இரண்டை மாற்றினோம். சுண்ணாம்பை நீர்த்து ஊறவிட்டோம். கடுக்காயை நொறுக்கி ஊறவைத்த துவர்நீரும் வெல்லம் கரைத்த நீரும் தெளித்துத் தெளித்து, ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தை மரப்பலகையால் அடித்தோம். வெல்லம் சேர்ந்த நீரில் சுண்ணாம்பு மிகுதியாகக் கரையும் என்பதை அன்றிரவு புத்தகத்திற் பார்த்துக்கொண்டேன். "ஓசை மாறும்வரை அடியுங்கள், தம்பி" என்றார் கொத்தனார். முதல் நாள் சேற்றை அடிப்பது போன்ற ஓசை. ஐந்தாம் நாள் மாலையில் பலகை துள்ளிற்று, ஓசை கணீரென்றது. சுண்ணாம்பு பொறுமையான பொருள். சூளையில் இழந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து சிறுகச் சிறுக வாங்கி மீண்டும் கல்லாக அதற்கு மாதங்களும் ஆண்டுகளும் வேண்டும்.

மேற்குச் சுவரை மட்டும் அவர் தொட மறுத்தார். "இது கரிசல் பூமி. வெயிலில் வெடிப்புத் திறக்கும், மழையில் மூடும். திறந்திருந்தபோது நீங்கள் நடுவிலே கல்லை வைத்துவிட்டீர்கள். சுவர் எங்கே போகும்?" என்றார். நான் அடைத்ததைச் சுரண்டி எடுத்தோம். மழைநீர் சுவரோரம் தேங்காதபடி வாய்க்கால் ஒன்று வெட்டினோம். வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இருபுறமும் ஒட்டி, தேதியை எழுதச் சொன்னார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடையாமல் ஈராண்டு நின்றால் அடைக்கலாம். அதுவரை பார்த்துக்கொண்டிருப்பதே வேலை.

முதற் கண்ணாடி 2018ஆம் ஆண்டு ஆடியில் உடைந்தது. இரண்டாவது 2019ஆம் ஆண்டு ஐப்பசியில். மூன்றாவது துண்டை ஒட்டித் தேதி எழுதியவர் அம்மா. கண் சிகிச்சைக்குப் பின் கண்ணாடியில்லாமலே படிக்கின்றார்களாதலின், நாள்தோறும் காலையில் அதன் அருகே சென்று பார்த்து வருவது அவர்கள் பொறுப்பாயிற்று. விடுமுறைக்கு வரும் என் மகன் வண்டியை விட்டிறங்கியவுடன், "உடைந்ததா, பாட்டி?" என்று கேட்பான். "இன்னும் இல்லை. முதலிற் கையைக் கழுவிக்கொண்டு வா, கடுக்காய் இடிக்கவேண்டும்" என்பார்கள்.