மாத்திரை மணி

போன ஆடி மாதம் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டு மாத்திரை மணி அடிக்கவில்லை.

அது சாமி அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன டப்பா. உள்ளே ராஸ்பெரி பை என்கிற கணினிப் பலகை, ஒரு ஸ்பீக்கர், ஒரு மெமரி கார்டு. மூன்று வேளையும் மணியடித்து, "அக்கா, மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்கும். கேட்பது என் மச்சினன் குரல். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பியவன். எங்கள் ஊரில் சொல்தா என்போம். 2019-இல் தன் அக்காவுக்காக இதைச் செய்தான். 2021-இல் கொரோனா அவனைக் கொண்டுபோய்விட்டது.

கார்டு செத்துவிட்டது என்று பேரன் பார்த்துச் சொன்னான். "மாமாத் தாத்தா குரல் கோப்பு பத்திரமா இருக்கு. போன்ல அலாரமா வெச்சுத் தர்றேன்" என்றான். என் மனைவி ஒப்பவில்லை. "அவன் கட்டினது எப்படி இருந்ததோ அப்படியே எழுப்ப முடியும்னா எழுப்புங்க. இல்லேன்னா விடுங்க" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவன் வேலை செய்த மடிக்கணினி என்னிடம்தான் இருந்தது. அதில் லீசே முவா, அதாவது 'என்னைப் படி' என்ற பெயரில் ஒரு கோப்பு. முழுக்கப் பிரெஞ்சு. வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, 38 வருடம் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதியே காலம் தள்ளிய குமாஸ்தாவுக்கு, அந்தப் படிப்பு எழுபது வயதுக்கு மேல்தான் பயன்பட்டது.

கடையில் வாங்கும் ரெடிமேட் சட்டை போல லினக்ஸும் ரெடிமேடாகக் கிடைக்கும். மச்சினன் அப்படி எடுக்கவில்லை. யோக்டோ என்ற முறையில், அந்த டப்பாவுக்கு வேண்டியதை மட்டும் அளவெடுத்துத் தைத்திருந்தான். யோக்டோவில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு சமையல் குறிப்பு உண்டு. மூலநிரல் எந்தக் களஞ்சியத்தில் இருக்கிறது, அதில் எந்தப் பதிப்பு வேண்டும், எப்படிக் கட்ட வேண்டும் எல்லாம் அதில் இருக்கும். அவன் அதை ரெசெத் என்று எழுதியிருந்தான். நான் முதலில் தடுமாறினேன். எங்கள் கணக்கு வழக்கில் ரெசெத் என்றால் வரவு!

அவன் எழுதியபடியே கட்டளையைத் தட்டினேன். பிட்பேக் என்ற நிரல் குறிப்புகளை ஒவ்வொன்றாக வாசித்து இணையத்திலிருந்து சரக்கை இறக்கத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் சிவப்பு எழுத்து. அப்புறம் இன்னொன்று. மொத்தம் ஏழு குறிப்புகள் படுத்துவிட்டன.

இங்கே என் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். அவன் 2019-இல் இறக்கிய சரக்கெல்லாம் அதே கணினியில் ஒரு கோப்புறையில் இருந்தது. பேரப்பிள்ளைகளின் கல்யாண வீடியோவுக்கு இடம் போதவில்லை என்று நான்தான் அதை அழித்தேன். ஆபீசில் பழைய ரெக்கார்டைக் கழிக்கும்போது மூன்று பேரிடம் கையெழுத்து வாங்குவேன். வீட்டில் யாரையும் கேட்கவில்லை.

சிவப்பு எழுத்தை நிதானமாகப் படித்தேன். 9418 என்ற வாசல் வழியாக வரும் பழைய கிட் நெறிமுறைக்கு இனி ஆதரவில்லை என்றது. கிட்ஹப் தளம் இதை 2021 செப்டம்பரிலேயே அறிவித்து, 2022 ஜனவரி 11-இல் ஒரு நாள் ஒத்திகையாக நிறுத்திப் பார்த்து, மார்ச் 15-இல் ஒரேயடியாக மூடியிருக்கிறது. மச்சினன் போனதற்குப் பிறகு நடந்த சங்கதி. அவனுக்கு எப்படித் தெரியும்? மூடியது நியாயம்தான். அந்தப் பழைய வழி தபால் கார்டு மாதிரி. அனுப்பியவர் யார் என்பதற்குச் சான்று இல்லை, நடுவில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். எச்டிடிபிஎஸ் என்பது அரக்கு முத்திரை வைத்த உறை.

சரி, முகவரியின் தொடக்கத்தில் கிட் என்றிருப்பதை எச்டிடிபிஎஸ் என்று மாற்றினால் போயிற்று என்று ஏழிலும் மாற்றினேன். மறுபடி சிவப்பு. இரண்டு நாள் இதிலேயே போயிற்று. பிட்பேக்குக்கு முதல் சொல் வழியைச் சொல்வதில்லை, எந்த ஆளை அனுப்புவது என்பதைச் சொல்கிறது. கிட் என்றால் களஞ்சியத்தை எடுக்கத் தெரிந்த ஆள் போவான். எச்டிடிபிஎஸ் என்றால் ஒற்றைக் கோப்பை இறக்குகிற வேறு ஆள் போய், வெறும் வலைப்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வருவான். ஆகவே முதல் சொல்லைத் தொடக்கூடாது. வரியின் கடைசியில் அரைப்புள்ளி போட்டு, 'புரோட்டோகால் சமம் எச்டிடிபிஎஸ்' என்று சேர்க்க வேண்டும். ஆள் பழைய ஆள். போகும் சாலை மட்டும் புதிது.

ஐந்து தேறின. மீதி இரண்டில், நீ கேட்கும் பதிப்பு மாஸ்டர் கிளையில் இல்லை என்று பதில். கிளையின் பெயரைச் சொல்லாவிட்டால் அந்தக் காலத்து பிட்பேக் மாஸ்டர் என்றே எடுத்துக்கொள்ளும். அந்த இரண்டு களஞ்சியக்காரர்களும் இடையில் மெயின் என்று பெயரை மாற்றிவிட்டார்கள். அதையும் அரைப்புள்ளி போட்டுச் சேர்த்தேன்.

பேரன் போனில் ஒரு குறுக்குவழி சொன்னான். கிட்டின் சொந்த அமைப்பிலேயே, பழைய முகவரி வந்தால் புதியதாக மாற்றிக்கொள் என்று ஒரே ஒரு வரி எழுதிவிடலாமாம். வேலை செய்யும்தான். ஆனால் அது இந்த ஒரு கணினியோடு நின்றுவிடும். குறிப்பிலேயே திருத்தினால்தான் எனக்குப் பிறகு எடுப்பவனுக்கும் ஓடும். கோப்பில் இல்லாத உத்தரவு உத்தரவே இல்லை என்று பழகியவன் நான்.

ஒரு கவலை இருந்தது. ஆறு வருடம் கழித்து வேறு வழியில் வருகிற சரக்கு, அவன் வைத்திருந்த அதே சரக்குதானா? ஒவ்வொரு குறிப்பிலும் பதிப்பைக் காட்ட நாற்பது எழுத்து எண் ஒன்றை அவன் எழுதி வைத்திருந்தான். அந்த எண் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படுவது. ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். ஏழிலும் அந்த எண்ணை நான் தொடவில்லை. பிட்பேக் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

கட்டிமுடிக்க ஓர் இரவு முழுக்க ஆயிற்று. முதல் வேலையாக, இறக்கிய சரக்கு மொத்தத்தையும் தனி வட்டில் பிரதி எடுத்து, 'அழிக்கக் கூடாது' என்று சீட்டு ஒட்டினேன். லீசே முவாவில் அவன் எழுதியதற்குக் கீழே தேதி போட்டு, செய்த திருத்தங்களைப் பிரெஞ்சில் ஏழு வரியாக எழுதினேன். பிரெஞ்சில் எழுதி எத்தனையோ வருடம் ஆயிற்று. இரண்டு இடத்தில் அகராதி பார்க்க வேண்டியிருந்தது.

புதிய கார்டைப் போட்ட மறுநாள் காலை எட்டு மணிக்கு மணி அடித்தது. "அக்கா, மாத்திரை போட்டாச்சா?"

அவள் மாத்திரையை விழுங்கி, தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "சத்தம் கம்மியா இருக்குங்க. அவன் வெச்சிருந்த அளவுக்குக் கூட்டுங்க."

ஒலியளவு எந்தக் குறிப்பில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.