கடலோரத்தில் ஒரு கூடாரம்

மாநகரத்தில் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும், வேலை நேரங்கள் வேறுபட்டமையால் நானும் என் மனைவியும் அமர்ந்து பேசி வெகுநாளாயிற்று. ஆகவே சென்ற பங்குனியில் சில நாள் விடுப்பு எடுத்து, அந்தமானிலுள்ள ஸ்வராஜ் தீவுக்குச் சென்றோம். 2018 வரை ஹேவ்லாக் என வழங்கிய தீவு அது.

கிழக்குக் கரையிலுள்ள விஜயநகர், பிரிவினையால் கிழக்கு வங்கத்தை விட்டு வந்தோர் 1950களில் குடியேற்றப்பட்ட சிற்றூர்களுள் ஒன்று. அங்கே பாக்குத் தோட்டம் ஒன்றின் ஓரமாய், உரிமையாளரின் அனுமதியுடன் வெண்மணலில் கூடாரம் அமைத்தோம். கடல் வெகுதொலைவு பின்வாங்கியிருந்தது.

தோட்டத்து மூதாட்டி வந்து, மணலில் காய்ந்து கிடந்த கடற்பாசி வரிசையைச் சுட்டிக்காட்டினார். "இன்று பௌர்ணமி. இதற்கும் மேலே போய்விடுங்கள்" என்று இந்தியில் கூறினார்.

அந்தமான் கிழக்கே தள்ளியிருப்பதால் மாலை 5.30 மணிக்கே பொழுது சாய்ந்தது. எனக்குச் சலிப்பு. மனைவியோ, "பாட்டி சொல்வதைக் கேளுங்கள்" என்று முளைகளைப் பிடுங்கத் தொடங்கினாள். இருவருமாகக் கூடாரத்தை மரத்தடிக்கு மாற்றினோம்.

இரவில் எழுந்து பார்த்தபோது, நாங்கள் முதலில் படுக்கவிருந்த இடத்தில் நீர் நின்றது. பௌர்ணமியிலும் அமாவாசையிலும் சூரியனும் சந்திரனும் நேர்க்கோட்டில் நின்று ஈர்ப்பதால் கடல் மிகுதியாய் ஏறும். படித்திருந்தும் நான் எண்ணவில்லை.

பின்னர் உறக்கம் வரவில்லை. சொந்த ஊருக்கே திரும்பிவிடலாமா என்று ஓராண்டாய் மனத்தில் வைத்திருந்ததை அவள் அப்போதுதான் கூறினாள். இம்முறை குறுக்கிடாமல் கேட்டேன். இன்னும் முடிவெடுக்கவில்லை, ஆனால் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அன்பான வாசகர்களே, கடலோரத்தில் கூடாரமிடுமுன் காய்ந்த பாசியின் வரிசையைப் பாருங்கள். உடன் வந்தவர் சொல்வதையும் கேளுங்கள்.