கதையில் வந்த இரும்பு

என் தம்பி மாயக் கதை ஒன்று படித்துக்கொண்டிருந்தான். அதில் உலகில் எங்குமே இல்லாத ஓர் உலோகம் வருகிறது. அதில் செய்த வாள் பாறையையும் பிளக்குமாம்; காற்றில் விழும் பட்டுத் துணியையும் அறுக்குமாம். "அக்கா, நிஜமாகவே இப்படி ஓர் இரும்பு உண்டா?" என்று கேட்டான். "எல்லாம் கற்பனை" என்று சொல்லிவிட்டேன்.

மறுவாரம் உலோகப் பாடம் நடத்திய சிஸ்டர், டமாஸ்கஸ் வாளைப் பற்றிக் கூறினார். விழும் பட்டையும் அறுக்கும் என்று அதற்கும் கதைகள் உண்டாம். அவ்வாளுக்கு உருக்கு நம் தென்னாட்டிலிருந்து சென்றதாம்! ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் பழைய உருக்கு உலைகளைத் தோண்டிக் கண்டிருக்கிறார்கள். இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்குச்சிகளையும் மண் மூசையில் இட்டு, வாயை மண்ணால் மூடி, துருத்தி ஊதிக் காய்ச்சுவார்கள். குச்சியின் கரி நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவுக்கு இரும்பில் ஏறி, அது உருக்காகும். 1819இல் லண்டனில் இதை ஆராய்ந்தவர் மைக்கேல் பாரடே.

"பாரடே ஒரு கொல்லரின் மகன்" என்றார் சிஸ்டர்.

எனக்குச் சுருக்கென்றது. ஒதியம்பட்டில் அரிவாளும் களைக்கொத்தும் அடித்துத் தரும் என் அப்பாவும் கொல்லர்தாம். ஆனால், பள்ளிப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று எழுதியவள் நான்.

அன்று மாலை பட்டறைக்குச் சென்றேன். "அந்த உருக்கை வாங்கிய ஐரோப்பியக் கொல்லர்கள் அடித்தபோது அது நொறுங்கிப்போயிற்றாம். ஏன் அப்பா?" என்று கேட்டேன்.

அப்பா உலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வெள்ளை வெளேர்னு காயவச்சு அடிச்சிருப்பாங்க. கரி ஏறின இரும்பு அந்தச் சூட்டைத் தாங்காதும்மா. சிவப்பா இருக்கும்போதே பொறுமையா தட்டணும்" என்றார்.

மறுநாள் நூலகத்தில் தேடினேன். புத்தகமும் அதையே சொன்னது! அப்பா படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான்.

"அந்த உருக்கைக் காய்ச்ச உங்களுக்குத் தெரியுமா, அப்பா?" என்று கேட்டேன். "அதெல்லாம் அந்தக் காலத்தோட போச்சு. நமக்கு லாரிப் பட்டைதான்" என்று சிரித்தார்.

வகுப்பாசிரியையிடம் படிவத்தைக் கேட்டு வாங்கி, 'வியாபாரம்' என்பதை அடித்துவிட்டு, 'கொல்லர்' என்று எழுதினேன். வீட்டுக்கு வந்ததும் தம்பியை அழைத்தேன்.

"நீ கேட்ட இரும்பு இருந்ததடா. அதைப் பற்றித் தெரிந்தவர் நம் வீட்டிலேயே இருக்கிறார். போய் அப்பாவைக் கேள்" என்றேன்.